கனசதுரத்தை உருட்டினால் கபாலி கோபுரம்!

கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதம் ஆகியும் மவுஸைத் தொடத் தயக்கமா? முதலில் ஒரு கேம் விளையாடுங்கள் என்பேன். தி.நகரில் இருக்கும் என் பெரியம்மா, பென்ஷன் வந்துவிட்டதா என்று பார்க்கக்கூட தன் பாஸ்வேர்டை அடுத்தவரிடம் சொல்லி வந்தார். அவருக்கு மவுஸ் பழக்க நான் கொடுத்தது கனசதுரப் படப் புதிர். 1990ல் விண்டோஸ் 3.0 உடன் வந்த சாலிடேர் சீட்டாட்டத்தில் மவுஸ் பழகியவர்கள் ஏராளம். அதே வழிதான் இதுவும்.

கேம் எப்படி இருக்கும்?

குழந்தைகளின் மரக்கட்டைப் படப் புதிரைப் பார்த்திருப்பீர்கள். அதன் கம்ப்யூட்டர் வடிவம் இது. திரையில் வரிசைக்கு மூன்றாக 9 கனசதுரங்கள் இருக்கும். ஒவ்வொன்றின் 6 முகங்களிலும் 6 வெவ்வேறு படங்களின் துண்டுகள். ஒரு முகத்தில் மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் கோபுரம், இன்னொன்றில் மெரினா கலங்கரை விளக்கம், மற்றொன்றில் அடையாறு ஆலமரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மவுஸால் பிடித்து இழுத்தால் கனசதுரம் உருளும். 9 துண்டுகளும் சரியாக நின்றால் முழுப் படம் கிடைக்கும்.

கடினமா, எளிதா?

ஒரு கனசதுரத்தில் 6 முகங்கள். ஒவ்வொரு முகமும் 4 விதமாகத் திரும்பி நிற்கலாம். ஆக 24 நிலைகள். ஒன்பதையும் சேர்த்தால் 2 லட்சத்து 64 ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட நிலைகள்! ஆனால் பயப்பட வேண்டாம். எந்த நிலையில் இருந்தாலும் ஒரு கனசதுரத்தைச் சரிசெய்ய அதிகபட்சம் 3 கால் திருப்பங்கள் போதும். மொத்தம் 27 திருப்பங்களில் படம் முடிந்துவிடும்.

காரணம், இங்கே ஒரு கனசதுரத்தைத் திருப்பினால் பக்கத்தில் உள்ளது அசையாது. ஹங்கேரியைச் சேர்ந்த எர்னோ ரூபிக் 1974ல் உருவாக்கிய ரூபிக் கனசதுரம் அப்படியல்ல. ஒரு அடுக்கைத் திருப்பினால் ஏற்கெனவே சேர்ந்தது கலைந்துவிடும். அதை எந்த நிலையிலிருந்தும் 20 திருப்பங்களுக்குள் முடிக்கலாம் என்பது 2010ல்தான் கம்ப்யூட்டர் உதவியுடன் நிரூபிக்கப்பட்டது.

விளையாடும் முறை

1. ஒரே ஒரு படத்தை மனதில் வையுங்கள். அதன் துண்டு முன்னால் வரும்வரை உருட்டுங்கள்.

2. துண்டு சாய்ந்தோ தலைகீழாகவோ இருந்தால் இருந்த இடத்திலேயே சுழற்றுங்கள்.

3. வேண்டிய துண்டு பின்பக்கம் இருந்தால் பக்கவாட்டில் இரண்டு முறை உருட்டுங்கள். தலைகீழாக வந்தால், அடுத்த முறை மேலிருந்து கீழாக உருட்டிப் பாருங்கள்; நேராக வரும்.

4. கோபுரத்துச் சிற்பங்கள் எது மேல், எது கீழ் என்று காட்டிவிடும். வெறும் வானமும் ஆலமரத்து இலைகளும் ஏமாற்றும். அவற்றைக் கடைசியில் பாருங்கள்.

அடுத்த படி

இது பழகியபின் சைமன் டாதம் இலவசமாகத் தரும் புதிர்த் தொகுப்பில் உள்ள 'டுவிடில்' கேமை முயலுங்கள். அதில் எண் கட்டங்களைக் கூட்டமாகச் சுழற்ற வேண்டும். ஒன்றைத் திருப்பினால் மற்றவையும் நகரும்.

எந்த கேமையும் அதை உருவாக்கியவரின் தளத்திலிருந்தே டவுன்லோட் செய்யுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது வேறு புரோகிராம்களையும் சேர்க்கவா என்று கேட்டால், அந்த டிக் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். படப் புதிர் விளையாட உங்கள் பேங்க் விவரமோ பாஸ்வேர்டோ தேவையில்லை. கேட்டால் அந்த கேமை உடனே மூடிவிடுங்கள்.