இரண்டாம் முறை ஆட முடியுமா?

ஃப்ளோட்சம் என்பது அடர்ந்த காட்டுக்கு நடுவே, ஆற்றங்கரையில் மரவேலி கட்டிய சிறிய வணிக ஊர். ‘தி விட்சர் 2: அசாசின்ஸ் ஆஃப் கிங்ஸ்’ கேமின் முதல் அத்தியாயம் அங்கேதான் நடக்கிறது. அரசன் ஃபோல்டெஸ்ட்டைக் கொன்ற பழி அரக்கவேட்டைக்காரன் கெரால்ட் மேல் விழுந்திருக்கிறது. உண்மையான கொலைகாரனைத் தேடி வந்த இடத்தில் இருவர் அவனை இரு பக்கம் இழுக்கிறார்கள். ஒருவன் வெர்னான் ரோச், இறந்த அரசனின் சிறப்புப் படைத் தலைவன். மற்றவன் இயோர்வெத், மனிதர்களை எதிர்த்துக் காட்டில் ஒளிந்து போரிடும் எல்ஃப் கூட்டத்தின் தலைவன். யார் பக்கம் போவது என்று ஆடுபவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ரோச்சோடு போனால் அடுத்த அத்தியாயம் ஹென்செல்ட் என்னும் அரசனின் படைமுகாமில் தொடங்கும். இயோர்வெத்தோடு போனால் குள்ளர்கள் வாழும் வெர்கன் என்னும் மலைநகரத்துக்குப் போய்ச் சேருவோம். போர் ஒன்றுதான். ஆனால் மதிலுக்கு வெளியே நின்று பார்ப்பதும் உள்ளே நின்று பார்ப்பதும் வேறு வேறு கதைகள். ஒரு பக்கம் போனவருக்கு மறுபக்கத்து மனிதர்களில் பலர் கண்ணிலேயே படமாட்டார்கள். நான் முதல் தடவை ரோச்சோடு போனேன். முடித்த மறுநாள் மாலையே மறுபடி ஃப்ளோட்சத்துக்குப் போக வேண்டும் போலிருந்தது.

சண்டையும் சுலபமானதல்ல. மருந்துகளைச் சண்டைக்கு நடுவில் குடிக்க முடியாது. முன்கூட்டியே உட்கார்ந்து தியானத்தில் குடிக்க வேண்டும். ஆகவே எதிரில் வரப்போவது என்ன மிருகம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு போனவனே பிழைப்பான். ஆற்றில் பதுங்கியிருக்கும் கேரன் என்னும் பூதத்தின் கைகளைத் தரையில் பொறி வைத்துச் சிக்கவைத்து வெட்டும் அந்த ஒரு சண்டைக்கு எத்தனை முறை செத்தேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு சாவிலும் ஒன்றைக் கற்றுக்கொண்டேன்.

இரண்டு முறையாவது ஆட வேண்டும் என்று எண்ணியே கட்டப்பட்ட கேம் இது. முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் நடுவே ஐந்து வருடம் போகலாம். லேப்டாப் மாறும், விண்டோஸ் மாறும், விற்ற கடையே மூடியிருக்கும். அப்போதும் அது திறக்குமா? காசு கொடுத்து கேம் வாங்கும் ஒவ்வொருவரும் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

விட்சர் 2 வெளிவந்த நாள் 17 மே 2011. செய்தவர்கள் போலந்தின் வார்சாவைச் சேர்ந்த சிடி ப்ராஜெக்ட் நிறுவனத்தார். அன்று ஒரே கேம் இரண்டு விதமாக விற்பனைக்கு வந்தது. அவர்களுக்கே சொந்தமான ஜிஓஜி இணையக் கடையில் பூட்டு எதுவும் இல்லாமல் கிடைத்தது: டவுன்லோடு செய், நிறுவு, ஆடு. கடைகளில் விற்ற டிவிடி பெட்டியில் செக்யூரோம் என்னும் பூட்டு இருந்தது. இந்த வகைப் பூட்டுகளுக்கு டிஆர்எம் என்று பொதுப்பெயர். பெட்டியில் அச்சிட்ட எண்ணை நாம் தட்ட வேண்டும். நிறுவனத்தின் சர்வர் அதைச் சரிபார்த்து அனுமதி கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் கேம் திறக்கும். அதாவது காசை முன்பே கொடுத்துவிட்டோம்; ஆனால் ஆடும் உரிமை இன்னொருவர் சர்வரின் சம்மதத்தில் தொங்குகிறது.

அந்தச் சம்மதம் சிலருக்குச் சிக்கலாயிற்று. வெளிவந்து பத்து நாள் ஆவதற்குள் சிடி ப்ராஜெக்ட் 1.1 என்ற பேட்சை வெளியிட்டுப் பெட்டிப் பிரதிகளிலிருந்தும் பூட்டைக் கழற்றியது. கழற்றிய பின் கேம் வேகமாக ஓடுகிறது என்றும் அவர்களே சொன்னார்கள். காசு கொடுத்தவரின் கணினி அதுவரை பூட்டுக்காகவும் உழைத்துக்கொண்டிருந்தது என்று இதற்குப் பொருள். ஐரோப்பாவில் பெட்டியை விநியோகித்த நாம்கோ பண்டாய் நிறுவனம், பூட்டைக் கழற்றியதையும் ஒரு காரணமாகச் சொல்லி வழக்கே போட்டது.

சரி, திருட்டையாவது அந்தப் பூட்டு தடுத்ததா? நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான மார்சின் இவின்ஸ்கி பின்னர் பேட்டிகளில் வெளிப்படையாகவே சொன்னார்: பூட்டு சில மணி நேரத்தில் உடைந்தது, பூட்டே இல்லாத ஜிஓஜி பிரதி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், திருடியவர்கள் பூட்டிய பெட்டிப் பிரதியை உடைத்துத்தான் பரப்பினார்கள். உடைத்துக் காட்டுவதே அவர்களுக்குப் பெருமை. திருட்டுப் பிரதியை டவுன்லோடு செய்தவன் பூட்டின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தவர் எல்லாம் விலை கொடுத்தவர்தான்.

இந்த நிறுவனத்துக்கு ஏன் இந்தத் தெளிவு வந்தது என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. 1994ல் இவின்ஸ்கியும் நண்பர் மிச்சல் கிசின்ஸ்கியும் தொழில் தொடங்கியபோது போலந்தின் சந்தைகளில் திருட்டு சிடிதான் ராஜா. மென்பொருளைக் காக்கும் நவீன காப்புரிமைச் சட்டமே அந்த ஆண்டுதான் அங்கே வந்தது. ‘பால்டர்ஸ் கேட்’ கேமைப் போலிஷ் மொழியில் அவர்கள் கொண்டுவந்தபோது, முன்னணி நடிகர்களை வைத்துக் குரல் கொடுத்தார்கள். பெட்டிக்குள் வரைபடமும் விதிப்புத்தகமும் இசை சிடியும் வைத்தார்கள். திருட்டு சிடியில் இல்லாத ஒன்றைக் கொடுத்தால் மக்கள் வாங்குவார்கள் என்ற கணக்கு பலித்தது.

அவர்களும் ஒருமுறை தவறினார்கள், அதையும் சொல்ல வேண்டும். விட்சர் 2ஐத் திருட்டுத்தனமாகப் பகிர்ந்ததாகச் சந்தேகப்பட்டவர்களுக்கு ஜெர்மனியில் வழக்கறிஞர்கள் மூலம் நூற்றுக்கணக்கான யூரோ கேட்டுக் கடிதங்கள் போயின. இணைய இணைப்பின் ஐபி எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் முறை அது. ஒரு வீட்டின் வைஃபையை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தியிருக்கலாமே! குற்றமற்றவர்களுக்கும் கடிதம் போகிறது என்ற எதிர்ப்பு வலுத்ததும், ஜனவரி 2012ல் பகிரங்கக் கடிதம் எழுதி இந்த வேலையை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அப்படி ஒரு கடிதம் யாருக்கு வந்தாலும் பயந்துபோய் உடனே பணம் கட்டக் கூடாது. ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே பதில் எழுத வேண்டும்.

அதே ஆண்டு, 15 மே 2012 அன்று, டியாப்லோ 3 என்னும் கேம் வெளிவந்தது. தனியாக ஆடினாலும் எந்நேரமும் சர்வரோடு இணைந்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. முதல் நாளே சர்வர்கள் திணறின. ‘எர்ரர் 37’ என்ற எண்ணைத் தவிர எதையும் பார்க்காமல் உலகமெங்கும் மக்கள் காத்திருந்தார்கள். தென் கொரியாவில் புகார்கள் குவிந்ததும், அந்நாட்டின் நியாய வணிக ஆணையம் கேமைச் செய்த ப்ளிசார்டின் சியோல் அலுவலகத்தில் சோதனை நடத்தியது. அதன் பிறகு நிறுவனம் அங்கே ஒரு வரம்புக்குள் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. வாங்கியவர்கள் முணுமுணுப்போடு நிற்காமல் அதிகாரம் உள்ள இடத்தில் புகாரைப் பதிவு செய்ததால் நடந்தது அது.

பூட்டுக்காரர்கள் இன்றும் ஓயவில்லை. மார்ச் 2024ல் வந்த ‘டிராகன்ஸ் டாக்மா 2’ கேமுக்கு ஸ்டீம் என்னும் இணையக் கடையில் உள்ள பக்கத்தில், டெனுவோ என்னும் பூட்டு இருப்பதும் ஒரே நாளில் ஐந்து கணினிகளுக்கு மேல் ஆக்டிவேட் செய்ய முடியாது என்பதும் எழுதப்பட்டிருந்தன. ஐந்து கணினி யாரிடம் இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் பூட்டின் கண்ணுக்கு எது ‘புதிய கணினி’ என்பது நாம் நினைப்பதுபோல் இல்லை. 2021ல் இன்டெலின் 12ஆம் தலைமுறை ப்ராசசர் வந்தபோது, அதிலுள்ள இருவகை கோர்களை வேறு வேறு கணினிகள் என்று எண்ணிச் சில பூட்டுகள் குழம்பின. சிக்கலாகும் கேம்களின் பட்டியலை இன்டெலே வெளியிட வேண்டியதாயிற்று. புது ப்ராசசரும் அசல் கேமும் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு நேர்ந்த கதி இது.

இன்னொரு ஆபத்து சத்தமில்லாதது. பழைய டிவிடி கேம்கள் பலவற்றின் சேஃப்டிஸ்க் பூட்டு, விண்டோஸின் ஆழத்தில் இயங்கும் ஒரு டிரைவரை நம்பியிருந்தது. 2007ல் அதில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. சாதாரணக் கணக்கில் நுழைந்தவர் அதன் வழியே முழுக் கணினியையும் கைப்பற்ற முடியும். 2015ல் விண்டோஸ் 10 அந்த டிரைவரை ஏற்க மறுத்தது. விண்டோஸ் 7, 8லும் ஓர் அப்டேட் மூலம் மைக்ரோசாஃப்ட் அதை முடக்கியது. பாதுகாப்புக்காக எடுத்த சரியான முடிவுதான். ஆனாலும் அன்றோடு எத்தனையோ அசல் டிவிடிகள் வெறும் தட்டுகளாகின.

என் அலமாரியிலும் அப்படி ஒன்று இருக்கிறது. கேமின் பெயர் வேண்டாம். மூன்று முறை ஆக்டிவேட் செய்ததும் எண்ணிக்கை தீர்ந்துவிட்டது. ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போய் மாற்றியபோது நான்காம் முறைக்கு அனுமதி கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். வாங்கிய பில்லின் படத்தைக் கேட்டார்கள். பில் என்னிடம் இல்லை. கடையும் இல்லை. அன்றிலிருந்து இருபது ரூபாய் பில்லைக்கூட நான் படமெடுத்து வைக்கிறேன்.

இனி உரிமைகளைப் பார்ப்போம். ‘வாங்கு’ என்ற பட்டனை அழுத்தும்போது பெரும்பாலான இணையக் கடைகள் நமக்குத் தருவது ஆடும் லைசென்ஸ் மட்டுமே. இதை வெளிப்படையாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று எழுதக் கூடாது என்று கலிஃபோர்னியா 2024ல் சட்டம் போட்டது. 1 ஜனவரி 2025 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஸ்டீமில் பணம் கட்டும் இடத்தில் இப்போது அந்த வாசகத்தைப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவில் நுகர்வோர் ஆணையம் ஸ்டீமை நடத்தும் வால்வ் மீது வழக்குத் தொடுத்தது. பணம் திரும்பப் பெறும் உரிமையே இல்லை என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னது தவறு என்று தீர்ப்பாகி, 2016ல் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2021ல் இன்னொரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது: முறையாக மென்பொருள் வாங்கியவர், அது இயங்காமல் தடுக்கும் பிழையைத் திருத்துவதற்காக அதன் நிரலைப் பிரித்துப் பார்க்கலாம்.

நம் நாட்டுச் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் 2012ல் சேர்த்த 65ஏ பிரிவு, காப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. ‘நோக்கத்தோடு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்டம் தடை செய்யாத ஒரு காரியத்துக்காகச் செய்வதை இப்பிரிவு தடுக்காது என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. 52ஆம் பிரிவோ, கணினி மென்பொருளை முறையாக வைத்திருப்பவர் தொலைவு, அழிவு, சேதம் ஆகியவற்றுக்கு எதிராக ஒரு பாதுகாப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. சொந்த டிவிடியை நகலெடுத்துப் பத்திரப்படுத்துவது வேறு, அதை ஊருக்கு விநியோகிப்பது வேறு.

இதைக் கேட்டதும் பூட்டை உடைக்கும் ‘கிராக்’ போட்டுக்கொண்டால் போயிற்று என்று கிளம்பிவிடாதீர்கள். முகம் தெரியாதவர் திருத்திய கோப்பை, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு, அட்மின் அனுமதியோடு ஓடவிடுகிறோம். அதே கணினியில்தான் நெட்பேங்கிங்கும் பார்க்கிறோம். கடவுச்சொல் திருடும் நிரல்கள் இந்த வழியில் தாராளமாக வருகின்றன.

பாதுகாப்பான வழி, பணம் கட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழிப்பதுதான். ஸ்டீம் பக்கத்தின் வலது ஓரத்தில் டெனுவோ போன்ற வெளிப் பூட்டுகளும் தனிக் கணக்கு தேவை என்ற குறிப்பும் இருக்கும். பிசி கேமிங் விக்கியில் எந்தக் கடையின் பிரதியில் என்ன பூட்டு என்று கேம்வாரியாகப் பார்க்கலாம். ஒரே கேம் இரண்டு கடையில் கிடைத்தால் பூட்டில்லாததையே எடுங்கள். வாங்கியதும் அன்றே நிறுவி ஓட்டிப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் காரணம் எதுவானாலும் பணம் திரும்பக் கேட்கலாம். தள்ளுபடி விற்பனையில் வாங்கி மூன்று மாதம் கழித்துத் திறந்து பார்ப்பவர்கள் இந்த வாய்ப்பை இழக்கிறார்கள். ஜிஓஜி 30 நாள் வரை கேட்க இடம் தருகிறது.

கோளாறு வந்தால் திரையைப் படமெடுங்கள். பிழை எண், தேதி, பணம் கட்டிய ரசீது எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் விதிகளின்படி, கடையின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதி செய்ய வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இந்தியாவில் உள்ளவர்களுக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டுக் கடைகளையும் இந்த விதிகள் கட்டுப்படுத்தும். அங்கே பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு கொடுக்கலாம், இணையத்திலும் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். மூவாயிரம் ரூபாய் கேமுக்கு இவ்வளவா என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கொரியாவில் புகார் கொடுத்தவர் ஒவ்வொருவரின் நஷ்டமும் ஒரு கேமின் விலைதான்.

விட்சர் 2ன் பூட்டில்லாத பிரதியை நான் டவுன்லோடு செய்து வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே சேவ் கோப்புகளும் இருக்கின்றன. கணினி இரண்டு முறை மாறிவிட்டது. போன மாதம் இணையத்தைத் துண்டித்துவிட்டு நிறுவிப் பார்த்தேன், எந்தக் கேள்வியும் கேட்காமல் திறந்தது. இந்த முறை இயோர்வெத்தோடு போகிறேன். வெர்கனின் மதில் மேல் நிற்கிறான் கெரால்ட். கீழே ஹென்செல்ட்டின் படை ஏணிகளோடு வந்துகொண்டிருக்கிறது.