தலமரத்தடியில் தேவார வகுப்பு

நாகப்பட்டினம் – திருவாரூர் சாலையில் உள்ள கீழ்வேளூர் கேடிலியப்பர் கோயிலுக்குத் தலமரம் இலந்தை. இலந்தைக்கு வடமொழியில் பதரி என்று பெயர். அதை வைத்தே இவ்வூரைப் பதரிவனம் என்பார்கள். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். தேவார வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு மரத்தைச் சுற்றிக் கும்பிடத் தெரியும். நாலு இலைகளோடு கலந்து வைத்தால் இலந்தை இலையைப் பொறுக்கி எடுக்கத் தெரியுமா? திடலில் இலந்தைப்பழம் பொறுக்கித் தின்ற தாத்தாக்களுக்கு அது பாடமே இல்லை. பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் தரவேண்டியிருக்கிறது.

கீழே உதிர்ந்த இலையே போதும். தலமரத்தில் பறிக்க வேண்டாம். இலையின் அடியிலிருந்து மூன்று நரம்புகள் கிளம்பும். பின்பக்கம் வெளுத்து, பஞ்சுபோல் இருக்கும். விரலால் தடவிப் பார்த்த பிள்ளை பிறகு மறக்காது.

இந்த மாடக்கோயிலைக் கட்டியவர் கோச்செங்கட் சோழர் என்பது வழிவழிச் செய்தி. முற்பிறவியில் அவர் திருவானைக்காவில் சிலந்தியாக இருந்து, நாவல் சருகு லிங்கத்தின் மேல் விழாமல் வலை பின்னினார் என்பது கதை. கதையை அங்கேயே நிறுத்தி, மரம் ஏன் இலையை உதிர்க்கிறது, உதிர்ந்த சருகு என்னவாகிறது என்று கேட்கலாம். எருக்குழி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை முந்திக்கொண்டு பதில் சொல்லும்.

பக்கத்துத் தேவூரில் தலமரம் வாழை. கொட்டை ஊன்றாமல் பக்கக் கன்றில் வளர்வதற்கு அதுவே சாட்சி. திருக்குவளையில் தேற்றா. கடைமடைக்குப் புதுத்தண்ணீர் கலங்கலாக வரும் நாளில் இரண்டு பானைகளில் அதை நிரப்பி, ஒன்றில் மட்டும் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலக்கி வையுங்கள். அந்தப் பானையில் மண் சீக்கிரம் அடியில் படியும். தெளிந்தது என்பதற்காகக் குடிக்கக் கொடுத்துவிடக் கூடாது. காய்ச்சியாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்பு சொல்லவேண்டியது ஒன்று உண்டு. சாமிக்குப் போடும் செடி என்றால் நல்ல செடி என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பிள்ளையார் சதுர்த்திக்குப் பறிக்கும் 21 இலைகளில் இலந்தையோடு அரளி, ஊமத்தை, எருக்கு மூன்றும் உண்டு. அரளி இலை முதல் வேர் வரை நஞ்சு, இதயத்தைத் தாக்கும். ஊமத்தை விதையும் அப்படியே ஆபத்து. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. பூப்பறித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பிரசாதம் என்று வழக்கப்படுத்துங்கள். பால் கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரால் நிறுத்தாமல் கழுவி, மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரளியையோ ஊமத்தையையோ தின்றுவிட்டால் உப்புக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கும் வேலை வேண்டாம். தின்ற செடியில் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

தை, மாசியில் இலந்தைப்பழம் கிடைக்கும்போது கொட்டைகளைச் சேர்த்து வையுங்கள். விதைநெல்லுக்குச் செய்வதுபோல் உப்புக்கரைசலில் போட்டு, மிதப்பதை ஒதுக்கி, மூழ்கியதைக் கழுவி எடுக்கலாம். லிட்டருக்குச் சுமார் 170 கிராம் உப்பு. ஓட்டை உடைத்துப் பருப்பை மட்டும் ஊன்றினால் ஒரு வாரம், பத்து நாளில் முளைக்கும். ஓட்டோடு ஊன்றினால் மூன்று, நான்கு வாரம் ஆகும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்துப் பைகளில் ஊன்றி வைத்தால், அடுத்த வகுப்புக்குப் பிள்ளைகள் ஓதுவாருக்கு முன்பே வந்து பையை எட்டிப் பார்ப்பார்கள்.