பார்வையும் தொடுகையும் சங்கமிக்கும் இலத்திரனியல் நரம்பு

மின்சாரம் தடைப்பட்ட இரவில் மேசை மீதுள்ள தீப்பெட்டியைத் தேடும் ஒருவர், கண்ணுக்கு மங்கலாகத் தென்படும் உருவத்தையும் விரல் நுனியில் தட்டுப்படும் விளிம்பையும் வெவ்வேறாக ஆராய்ந்து கொண்டிருப்பதில்லை. இரண்டும் மூளையில் ஒன்றுகலந்து, 'இதுதான்' என்ற முடிவைக் கணப்பொழுதில் தந்துவிடுகின்றன. நாம் எவரும் பொருட்படுத்தாத இந்தச் சாதாரண ஆற்றலை இலத்திரனியல் சாதனங்களுக்கும் வழங்குவதற்கான முயற்சிகள் அண்மைய ஆண்டுகளில் குறிப்பிடத்தக்க கட்டத்தை எட்டியுள்ளன.

இன்றைய ரோபோக்களில் கமரா ஒருபுறமும் அழுத்தத்தை அறியும் உணரி மறுபுறமுமாக இயங்குகின்றன. இரண்டும் தரும் தகவல்கள் இலக்கங்களாக மாற்றப்பட்டு, நினைவகத்துக்கும் செயலிக்குமிடையே அலைக்கழிக்கப்பட்ட பின்னரே ஒன்றுசேர்க்கப்படுகின்றன. இந்த அலைச்சலிலேயே பெருமளவு சக்தி விரயமாகின்றது. ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்களைக் கொண்ட மனித மூளையோ சுமார் 20 வாட் வலுவுடன் தன் பணி முழுவதையும் முடித்துக்கொள்கின்றது. அங்கு நினைவகம் வேறு, கணிப்பகம் வேறு என்ற பிரிவினை இல்லை. இந்த அமைப்பைச் சிலிக்கனில் பின்பற்றலாம் என 1980களில் அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த கார்வர் மீட் எடுத்துரைத்ததிலிருந்தே இத்துறை வளர்ந்தது.

ஆனால், புலன்கள் எவ்வாறு கலக்கின்றன என்பதைப் பொறியியலாளர்களுக்குக் கற்பித்தவை பூனைகள் என்றால் மிகையாகாது. 1980களில் பெரி ஸ்ரைன், அலெக்ஸ் மெரடித் ஆகிய ஆய்வாளர்கள், பூனையின் நடுமூளையில் பார்வை, ஒலி, தொடுகை ஆகியவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவற்றுக்குத் துலங்கும் தனித்தனிக் கலங்களை ஆராய்ந்தனர். இரு புலன்களும் ஒருசேரத் தூண்டப்படும்போது, தனித்தனித் துலங்கல்களின் கூட்டுத்தொகையைவிடவும் அதிகமான துலங்கல் அவற்றுள் பலவற்றில் எழுந்தது. தூண்டல்கள் பலவீனமாக இருக்கும்போதே இந்த அனுகூலம் பெரிதாக இருந்தமைதான் விந்தை. பட்டப்பகலில் தீப்பெட்டியைக் காண விரலின் உதவி வேண்டியதில்லை. இருளிலேயே அது வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா அரச பல்கலைக்கழகத்தில் சப்தர்ஷி தாஸ் தலைமையிலான குழுவினர் 2023இல் வெளியிட்ட ஆய்வு, இதே இயல்புகளை ஒரு செயற்கை நரம்புக்கலத்தில் காட்டியது. சில அணுக்களின் தடிப்பை மட்டுமே கொண்ட மொலிப்தினம் இருசல்பைட்டுப் படலத்தால் ஆன திரான்சிஸ்டர் ஒன்று ஒளியை உணர்ந்து, அதன் தடத்தைச் சிறிது நேரம் தக்கவைத்துக்கொள்கின்றது. அதனுடன் இணைக்கப்பட்ட மற்றொரு உணரி, தொடும்போது உராய்வினால் தோன்றும் மின்னைத் திரான்சிஸ்டருக்கு வழங்குகின்றது. மங்கலான ஒளியும் மெல்லிய தொடுகையும் சேர்ந்தபோது கிடைத்த துலங்கல், இரண்டையும் தனித்தனியே கூட்டினால் வருவதைவிட உயர்ந்திருந்தது. மூளையைப் போலவே இச்சாதனமும் தகவலை மின்துடிப்புகளாகவே வெளியிடுகின்றது.

இதற்கு முன்னரே, 2020இல், சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் ஒளியுணரியையும் அழுத்த உணரியையும் அயன்களால் மின்னைக் கடத்தும் வடமொன்றினால் இணைத்து, அதன் மூலம் ரோபோ கையொன்றை இயக்கிக் காட்டினர். அதே ஆண்டில் சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழகத்தினர், செயற்கைத் தோல் பொருத்திய ரோபோவைக் கொண்டு கொள்கலன்களில் எவ்வளவு திரவம் உள்ளது என்பதைக் கண்டறியச் செய்தனர். பார்வையை மட்டும் நம்பியதைவிட, தொடுகையும் சேர்ந்தபோது துல்லியம் 10 சதவீதம் அதிகரித்தது. இன்டெல் நிறுவனத்தின் மூளையை ஒத்த 'லொய்ஹி' சில்லு, வழமையான வரைகலைச் செயலியைவிட 45 மடங்கு குறைந்த வலுவுடன் இப்பணியை ஆற்றியது.

இத்தகைய செய்திகள் வெளியாகும்போது 'மனித மூளை தயார்' என முழங்குவோரும் உளர். ஒரு நரம்புக்கலத்துக்கும் 8,600 கோடிக்கும் இடையிலான தூரத்தை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அதைவிட ஆழமான சிக்கல் வேறொன்று. பிறவியிலேயே பார்வையற்றிருந்து சத்திரசிகிச்சையால் பார்வை பெற்ற இந்தியச் சிறார் ஐவரைப் பேராசிரியர் பவன் சின்ஹாவின் குழுவினர் ஆராய்ந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். கையால் தடவி அறிந்த பொருளை அச்சிறார்களால் முதலில் கண்ணால் இனங்காண முடியவில்லை. அந்த ஆற்றல் பின்னர், பார்வை அனுபவத்தினூடாகவே வாய்த்தது. ஆகவே, இரு உணரிகளைக் கம்பியால் இணைப்பது தொடக்கம் மட்டுமே. எந்தக் காட்சி எந்தத் தொடுகைக்குரியது என்பதைச் சாதனம் தானே கற்க வேண்டியிருக்கின்றது.

யுத்தத்தினாலும் கண்ணிவெடிகளினாலும் அவயவங்களை இழந்த பெருந்தொகையானோர் வாழும் எமது நாட்டுக்கு இது வெறும் ஆய்வுகூட விடயமன்று. இன்று பயன்பாட்டிலுள்ள செயற்கைக் கைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தொடுகையுணர்வு கிடையாது. தேநீர்க் கோப்பையைப் பற்றுபவர் அது நழுவாதிருக்கக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்வைதான் அங்கு தொடுகையின் வேலையையும் சுமக்கின்றது. குறைந்த மின்கல வலுவில் இயங்கும் செயற்கை நரம்பு இச்சுமையைக் குறைக்கக்கூடும். எனினும் அதன் சமிக்ஞையை உயிருள்ள நரம்புக்குப் பல்லாண்டுகள் பழுதின்றிக் கடத்துவதும், அணுக்கள் சிலவற்றின் தடிப்புள்ள படலங்களை ஒரே தரத்தில் பெருமளவில் தயாரிப்பதும் இன்னும் கடினமான காரியங்களாகவே உள்ளன. அவை கைகூடினாலும், எளிய பிளாஸ்திக் காலைக்கூடச் சிரமப்பட்டே பெறும் ஒருவருக்கு அத்தகைய கை எந்த விலையில் கிடைக்கும் என்ற கேள்விக்கு ஆய்வுகூடத்தில் விடை இல்லை.