ஏடு காட்டினால்தான் எடுபடும்!
சட்ட ஆய்வுக் கட்டுரை எழுதுவோர் கவனத்துக்கு

திருச்சானூர் பத்மாவதித் தாயார் சந்நிதித் தெருவில் நின்று, "அர்ச்சகர் பதவி பரம்பரை உரிமையா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு பதில் வரும். ஆனால், திருப்பதியில் சட்டம் பயிலும் நம் பிள்ளைகள் இதையே ஆய்வுக் கட்டுரையாக எழுதினால், "பெரியவர்கள் சொன்னார்கள்" என்பது செல்லாது. ஆதாரம் வேண்டும்.

ஆந்திர அறநிலையச் சட்டம், 1987, தன் 34-வது பிரிவினால் அர்ச்சகர்களின் மிராசு உரிமையை ரத்து செய்தது. திருமலைத் தலைமை அர்ச்சகர் ஏ.எஸ். நாராயண தீட்சிதுலு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1996-ல் தீர்ப்பு வந்தது. பூஜை சமயக் காரியம். அர்ச்சகரை நியமிப்பதோ லௌகிகக் காரியம். ஆகவே பரம்பரை உரிமையைச் சட்டம் நீக்கலாம் என்றது கோர்ட்.

இத்தீர்ப்பை (1996) 9 எஸ்.சி.சி. 548 என்று குறிப்பார்கள். ஆண்டு, தொகுதி, தீர்ப்புத் திரட்டின் பெயர், தொடங்கும் பக்கம் என்பது வரிசை. எடுத்தாளும் வாசகம் உள்ள பத்தி எண்ணையும் சேர்ப்பதே முறை. தீர்ப்பின் தலையில் உள்ள சுருக்கம் பதிப்பாசிரியர் எழுதியது. அதை நீதிபதியின் வாக்காகக் காட்டக் கூடாது.

அத்தீர்ப்பில் தமிழ்நாட்டின் சேஷம்மாள் வழக்கு (1972) பேசப்படுகிறது. ஐந்து நீதிபதிகள் அளித்த தீர்ப்பு அது. அதைப் புரட்டாமலே படித்ததுபோல் அடிக்குறிப்பு இடுவது நேர்மையன்று. மூலம் கிடைக்காவிட்டால், "இன்ன தீர்ப்பில் எடுத்தாளப்பட்டபடி" என்று ஒப்புக்கொள்ளலாம்.

இன்னொரு பள்ளமும் உண்டு. 34-வது பிரிவு 2007-ல் திருத்தப்பட்டு, பரம்பரை அர்ச்சகர் குடும்பங்களுக்கு மீண்டும் அங்கீகாரம் கிடைத்தது. 1996-ஓடு கட்டுரையை முடித்தவரின் முடிவே தவறாகிவிடும்!

மாணவர்கள்தான் என்றில்லை, வக்கீல்களும் சறுக்குகிறார்கள். 2023-ல் நியூயார்க்கில் இரு வக்கீல்கள், கம்ப்யூட்டர் கற்பனையாகத் தந்த வழக்குகளை நிஜமென்று கோர்ட்டில் காட்டினர். 5,000 டாலர் அபராதம் விழுந்தது. திரட்டைத் திறந்து பார்த்திருந்தால் தலை தப்பியிருக்கும்.

இன்று டில்லிக்கோ சென்னைக்கோ அலைய வேண்டியதில்லை. சுப்ரீம் கோர்ட் 2023 முதல் சுமார் 34,000 தீர்ப்புகளை இணையத்தில் இலவசமாகவே தந்தது. திருச்சானூர்த் திண்ணையிலிருந்தே படிக்கலாம்.

பிறர் கருத்தைப் பிறர் பெயரிலேயே சொல்லுங்கள். அடிக்குறிப்பு என்பது அலங்காரம் அல்ல. "நீயே போய்ப் பார்த்துக்கொள்" என்று வாசகருக்குக் காட்டும் வழி. அந்த வழியில் போனவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது.