பல்கலைக்கழகச் செலவும் சமுதாயப் பயனும்

அரச நிதியில் இயங்கும் பல்கலைக்கழகமொன்று தன் பணத்தைக் கற்பித்தல், ஆராய்ச்சி, பொதுச்சேவை ஆகிய மூன்றுக்கும் எவ்விகிதத்திற் பகிர்ந்தளிக்கவேண்டும் என்ற வினா அடிக்கடி எழுப்பப்படுகிறது. பெரும்பாலும் இது நிருவாகிகள் தீர்க்கவேண்டிய கணக்கியற் பிரச்சினையாகவே கருதப்படுகிறது. ஆயின், இப்பங்கீட்டின் வரலாற்றை நோக்குமிடத்து, ஒவ்வொரு செலவுத் தலைப்பின் பின்னாலும் ஒரு சமுதாயத் தேவையும், அத்தேவையை அரசின் தேவையாக்க வல்ல ஒரு வர்க்கமும் இருப்பதைக் காணலாம்.

இதற்குத் தெளிவான சான்று ஐக்கிய அமெரிக்காவின் நிலக்கொடைப் பல்கலைக்கழகங்களாகும். அங்கு மூன்று பணிகளும் மூன்று சட்டங்களின் வழி நிதி பெற்றன. 1862ஆம் ஆண்டின் மொறில் சட்டம், காங்கிரசில் ஒரு மாநிலத்துக்குள்ள உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 30,000 ஏக்கர் என்ற கணக்கில் நிலம் வழங்கியது. பூர்வ குடிகளிடமிருந்து கைக்கொள்ளப்பட்ட அந்நிலத்தை விற்றுப்பெற்ற நிதியைக்கொண்டு விவசாயமும் பொறித்தொழிலும் கற்பிக்குங் கல்லூரிகள் எழுந்தன. 1887இன் ஹச் சட்டம், விவசாயப் பரிசோதனை நிலையங்களுக்காக மாநிலமொன்றுக்கு ஆண்டுதோறும் 15,000 டொலர் ஒதுக்கியது. இது ஆராய்ச்சி நிதி. 1914இன் சிமித்-லீவர் சட்டம், ஆராய்ச்சியின் பயனைக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்லும் விரிவாக்கப் பணிக்கு மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து செலவிட வழிசெய்தது.

இம்மூன்றும் எல்லார்க்கும் ஒருங்கே கிடைக்கவில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. 1890இன் இரண்டாவது மொறில் சட்டத்தின்கீழ்த் தென் மாநிலங்களிற் கறுப்பின மக்களுக்கெனத் தனிக் கல்லூரிகள் நிதி பெற்றன. எனினும் ஆராய்ச்சி நிதியும் விரிவாக்க நிதியும் வெள்ளையர் கல்லூரிகளையே பெரிதுஞ் சென்றடைந்தன. கறுப்பினக் கல்லூரிகளின் விவசாய ஆராய்ச்சிக்குச் சட்டபூர்வமான நிரந்தர நிதி 1977இலேயே உறுதியாயிற்று. கற்பிக்க மட்டும் ஓரளவு பணம் கொடுத்து, புதிய அறிவை ஆக்கும் வசதியை மறுப்பதும் ஒருவகை அடக்குமுறையே எனலாம்.

கணக்கெழுதும் முறையும் நடுநிலையானதன்று. அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணக்குகளில், தனி ஒதுக்கீடின்றி ஆசிரியர் தம் துறைக்குள் நடத்தும் ஆராய்ச்சி கற்பித்தற் செலவிலேயே அடங்கும். புறநிறுவனமொன்றின் நிதியைப் பெற்றோ தனி ஒதுக்கீட்டிலோ நடப்பதே ஆராய்ச்சி எனத் தனியே காட்டப்படும். ஆகவே நூலகத்திலமர்ந்து பழைய இலக்கியத்தை ஆராய்பவரின் உழைப்பு ஆராய்ச்சிக் கணக்கிற் புலப்படாது போகிறது. கம்பனியொன்றின் ஒப்பந்த ஆய்வு அங்கு முழுமையாகப் புலப்படுகிறது. ஓர் ஆசிரியரின் ஒருமித்த உழைப்பை மூன்று கூறாக வகுக்கும்பொழுது, பணம் கொடுப்போர் விரும்பும் கூறே பெரிதாகத் தோன்றுவது இயல்பு.

ஆராய்ச்சியின் பங்கு பெருகுவதனாலும் பொதுநலம் தானே பெருகிவிடுவதில்லை. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தார் தக்காளி அறுவடை இயந்திரத்தையும், அவ்வியந்திரத்தின் பிடிக்குத் தாக்குப்பிடிக்கும் தக்காளி இனத்தையும் உருவாக்கினர். 1960களில் அது பரவியபோது பெரும் பண்ணையாளர் இலாபமடைந்தனர். அறுவடைத் தொழிலாளர் பெருந்தொகையினர் வேலையிழந்தனர். சிறு உற்பத்தியாளர் பலர் அப்பயிரைக் கைவிட்டனர். சிறு விவசாயிகளுக்கும் கிராமிய மக்களுக்கும் பயன்படவேண்டிய ஹச் நிதி பெருமுதலாளிகளுக்குப் பயன்பட்டதெனக் கூறி 1979இல் பல்கலைக்கழகத்துக்கெதிராக வழக்குத் தொடரப்பட்டது. 1987இல் வழக்காளிகளுக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. 1989இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. வழக்குத் தோற்றபோதிலும், ஆராய்ச்சிச் செலவு யாருக்காக என்ற வினா அதனாற் பகிரங்கமாயிற்று.

நமது நாட்டில் இம்மூன்று பணிகளும் வேறொரு வகையிற் பிரிந்தன. குடியேற்ற ஆட்சியில் ஆராய்ச்சியும் விரிவாக்கமும் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலேயே வளர்ந்தன. விவசாயத் திணைக்களம் 1912இல் நிறுவப்பட்டது. தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல், ஏற்றுமதித் தேயிலைமீது விதிக்கப்பட்ட வரியின் ஆதரவுடன் தோன்றியது. தேயிலைச் செடியின் நோய் அங்கு ஆராயப்பட்டது. கொழுந்து பறித்தோரின் நோயை ஆராய்வதற்கு அவ்வரி விதிக்கப்படவில்லை. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபொழுது பெருந்தோட்டப் பொருளாதாரத்துக்கு வேண்டிய ஆராய்ச்சிக்குத் தனி நிறுவனங்கள் ஏற்கெனவே இருந்தன. பல்கலைக்கழகத்தின் தலையாய பணியாகக் கற்பித்தலே அமைந்தது.

இன்று, 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவினூடாக வரும் திறைசேரி நிதி, மீண்டெழும் செலவு, மூலதனச் செலவு என்றே முதன்மையாக வகுக்கப்படுகிறது. மீண்டெழும் செலவிற் பெரும்பகுதி சம்பளமாகும். அச்சம்பளத்துள் கற்பித்தல் எவ்வளவு, ஆராய்ச்சி எவ்வளவு, கிராமத்து வாசிகசாலையில் ஆற்றிய உரையும் பாடநூலாக்கத்துக்கு நல்கிய உழைப்பும் எவ்வளவு என்பதை அவ்வகுப்பு காட்டுவதில்லை. பெயரற்ற பணியைப் பாதுகாப்பது கடினம். நிதி குறையும்போது முதலிற் கைவிடப்படுவதும் அதுவே.

விகிதாசாரத்தை மட்டும் விவாதிப்பது போதாதென்பதே இவற்றால் நாம் பெறும் முடிவாகும். 1945 முதல் இலவசக் கல்வியைத் தம் வரிப்பணத்தாற் பேணிவரும் உழைக்கும் மக்கள், தம் பிள்ளைகளுக்குப் பட்டம் கிடைப்பதோடு மனநிறைவு கொள்ளவேண்டியதில்லை. தமது வயலும் தோட்டமும் மொழியும் நோயும் ஆராயப்படவேண்டுமென்று கேட்கவும், அவ்வாராய்ச்சியின் பயன் தம் வாயிலுக்கு வரவேண்டுமென்று கேட்கவும் அவர்களுக்கு உரிமையுண்டு. பொதுச்சேவைக்கு வரவு செலவுத் திட்டத்தில் வெளிப்படையான ஓரிடம் வகுப்பது அதற்கான முதற்படியாகும்.