திருச்சி தெரு பஜனையில் கிளம்பிய ஏழிசை மன்னர்!

திருச்சி,

மார்கழி பிறந்தால் திருச்சி, ஸ்ரீரங்கம் தெருக்களில் விடியுமுன் பஜனை கோஷ்டி கிளம்பிவிடும். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். ஆர்மோனியம், ஜால்ரா உண்டு. மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது. சுருதி சேராதவர்களும் பாடலாம். (நானும் பாடியிருக்கிறேன். சுண்டலுக்காகத்தான்!)

இந்த ஊர் பஜனையில் பாடிய ஒரு பொடியன்தான் பின்னால் தமிழ்நாட்டையே மயக்கினான். யார் தெரியுமா? எம்.கே.தியாகராஜ பாகவதர்!

கடப்பாவுக்கு ஓட்டம்

1910-ல் பிறந்தவர். அப்பா கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி, நகை வேலைக்காரர். குடும்பம் திருச்சிக்கு வந்தது. பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. எப்போது பார்த்தாலும் பாட்டு. வீட்டில் கண்டிப்பு. ஒருநாள் ஆளையே காணோம்!

தேடித் தேடி அலைந்த அப்பா, கடைசியில் தெலுங்குச் சீமை கடப்பாவில் கண்டுபிடித்தார். அங்கே ஒரு கூட்டம். நடுவில் பையன் பாடிக் கொண்டிருக்கிறான்! மகனை அழைத்து வந்தவர், அதன்பிறகு உள்ளூர் பஜனைகளில் பாட விட்டுவிட்டார்.

ரெயில்வேக்காரர் காதில் விழுந்தது

அந்தக் குரல் எப்.ஜி.நடேசய்யர் காதில் விழுந்தது. அவருக்குத் தென்னிந்திய ரெயில்வேயில் உத்தியோகம். ஆனால் உயிர் நாடகத்தில். 1914-ல் ரசிக ரஞ்சன சபாவை ஆரம்பித்தவர் அவர்தான். அது சம்பளத்துக்கு நடிக்கும் கம்பெனி அல்ல. ஆசைக்கு நடிக்கும் "அமெச்சூர்" சபா.

"அரிச்சந்திரா" நாடகத்தில் லோகிதாசன் வேஷத்துக்கு ஒரு பையன் வேண்டும். நடேசய்யர் அப்பாவிடம் பேசி மேடை ஏற்றிவிட்டார். அப்போது பையனுக்கு வயது பத்துதான் இருக்கும்.

பிறகு மதுரை பொன்னு அய்யங்காரிடம் சங்கீதம். 1934-ல் "பவளக்கொடி" சினிமா. 1944 தீபாவளிக்கு வந்த "ஹரிதாஸ்" சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது!

கொலை வழக்கு

அடுத்த மாதமே இடி விழுந்தது. சென்னையில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் குத்திக் கொல்லப்பட்டார். டிசம்பரில் பாகவதர் கைது! என்.எஸ்.கிருஷ்ணனும் உள்ளே போனார். இருவருக்கும் ஆயுள் தண்டனை. கேஸ் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல் விடுதலையானார்கள்.

வெளியே வந்து நடித்த படங்கள் ஓடவில்லை. கச்சேரிக்கு மட்டும் கூட்டம் வந்தது. சினிமாவில் பார்க்க வராத ஜனம், பாட்டுக் கேட்க வந்தது!

1959 நவம்பர் 1-ந் தேதி சென்னை ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 49. உடல் திருச்சிக்குக் கொண்டு வரப்பட்டு, சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம் செய்யப்பட்டது.