வீட்டில் தெலுங்கு, ஏட்டில் தமிழ்

படிவங்களில் "தாய்மொழி" என்றொரு கட்டம் இருக்கும். பள்ளிப்பட்டு வட்டாரத்துப் பெண்கள் பலர் பேனாவைச் சற்றே நிறுத்துவது அந்தக் கட்டத்தில்தான். வீட்டில் அவ்வாவிடம் பேசுவது தெலுங்கு, கடைத்தெருவில் இரண்டும் கலந்து, தேர்வுத்தாளில் தமிழ். வெளியூர் உறவினர் வந்தால், "நீங்கள் தமிழர்களா, தெலுங்கர்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். எங்களுக்கோ சிரிப்பு வருவதில்லை. இக்கேள்விக்கு இலக்கியத்தில் விடை கிடைக்குமா என்று தேடினோம். அத்தேடலின் பயனே இக்கட்டுரை.

முதலில் எங்கள் ஊரின் கதை. 1911-இல் சித்தூர் மாவட்டம் பிறந்தபோது இப்பகுதி அதில் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூரோடு நாங்களும் ஆந்திரத்தில் சேர்ந்தோம். திருத்தணி தமிழருக்கே உரியது என்று ம.பொ. சிவஞானம் அவர்களும் மற்றவர்களும் போராடினார்கள். படாஸ்கர் அவர்களின் பரிந்துரைப்படி சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. 1969-இல் அம்மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்றது. முதலில் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தோம். 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறோம். இவ்வளவும் நடந்தபோது எங்கள் தாத்தாமார் வீட்டுத் திண்ணையை விட்டு எழுந்திருக்கவேயில்லை! மனிதர் குடிபெயர்வதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே எல்லைக்கோடே குடிபெயர்ந்தது.

ஆனால் தமிழகத்தின் உட்பகுதிகளில் வாழும் தெலுங்கு மக்கள் உண்மையாகவே நடந்து வந்தவர்கள். விசயநகரப் பேரரசின் காலத்திலும், மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்களின் ஆட்சியிலும் படைவீரர்களும் உழவர்களும் நெசவாளர்களும் குடும்பம் குடும்பமாகத் தெற்கே வந்தார்கள். அவர்களின் வழியில் வந்தவரே எழுத்தாளர் கி. ராஜநாராயணன். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் 1923-இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினேன் என்ற பொருளில் தம்மைத் தாமே கேலி செய்துகொள்வாராம்.

1976-இல் வெளிவந்த அவருடைய "கோபல்ல கிராமம்" என்ற நாவலில் ஒரு மூதாட்டி வருகிறாள். பெயர் மங்கத்தாயாரு. தன் முன்னோர் ஏன் தெலுங்குச் சீமையை விட்டு ஓடிவந்தார்கள் என்ற கதையை அவள் பேரன் பேத்திகளுக்குச் சொல்கிறாள். சென்னாதேவி என்ற பேரழகி மீது ஆட்சியாளன் ஒருவனின் கண் விழ, அவளைக் காப்பாற்ற உற்றார் அனைவரும் இரவோடிரவாகப் புறப்படுகிறார்கள். துன்பப்பட்டுத் தெற்கே வந்து, காட்டைத் தீயிட்டு அழித்து, கரிசல் மண்ணைப் பண்படுத்தி ஊர் அமைக்கிறார்கள். இதன் தொடர்ச்சியாகிய "கோபல்லபுரத்து மக்கள்" நாவலில் அதே ஊரின் பேரப்பிள்ளைகள் இந்திய விடுதலைப் போராட்டத்தைத் தம் போராட்டமாகவே எண்ணுகிறார்கள். வந்தேறிகளாக வந்த குடும்பம் எந்த நாளில் இந்த மண்ணின் குடும்பமாயிற்று என்று ஆசிரியர் எங்கும் தேதி குறிப்பிடவில்லை. எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். கிணறு வெட்டுகிறார்கள், பருத்தி விதைக்கிறார்கள், பக்கத்து ஊராரோடு சண்டையிட்டுச் சமாதானமாகிறார்கள். மாற்றம் தானாக நடந்துவிடுகிறது.

இன்னொரு வியப்பு. தெலுங்கு வீட்டில் வளர்ந்த இவர்தான் கரிசல் காட்டுத் தமிழ்ச் சொற்களைத் திரட்டி அகராதி ஒன்றையும் உருவாக்கினார். 1991-இல் அவருக்குச் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது, தமிழுக்காக. 2021-இல் மறைந்தபோது அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். (வீரமாமுனிவரை மறந்துவிட்டீர்களா என்று அருட்சகோதரிகள் கேட்கக்கூடும். இத்தாலியிலிருந்து வந்து "தேம்பாவணி" பாடியவரை மறப்போமா! அவர் தனிக் கட்டுரைக்கு உரியவர்.)

கி.ரா.வின் ஊர்க்காரரும் இளமைத் தோழருமான கு. அழகிரிசாமி 1950-களில் மலாயா சென்று "தமிழ் நேசன்" நாளிதழில் பணியாற்றினார். அங்கே பிறருடைய மண்ணில் தமிழரே குடியேறியவர்கள். இன்றைய மலேசியாவில் மலாய் மொழியில் எழுதப்படுவதையே தேசிய இலக்கியம் என்கிறார்கள். தமிழிலும் சீனத்திலும் எழுதப்படுவது அந்தந்த இனத்தாரின் இலக்கியம் எனப்படுகிறது. அடுத்துள்ள சிங்கப்பூரிலோ மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கும் ஆட்சிமொழிகள். நாட்டின் உயர்ந்த கலை விருதைத் தமிழில் எழுதிய இராம. கண்ணபிரான் 1998-இல் பெற்றார். அந்நாட்டின் தேசிய கீதத்தை இயற்றி இசையமைத்த சுபிர் சையத் கூடச் சுமத்ராவிலிருந்து குடியேறியவர்தாம். எங்களுக்குச் சிங்கப்பூரின் வழியே பிடித்திருக்கிறது. ஆயினும் ஒரு குறை: மொழிபெயர்ப்பு இல்லையேல் ஒருவர் எழுதியதை அடுத்த வீட்டுக்காரர் படிக்க முடியாது.

நம் நாட்டிலும் இதே சிக்கல் உண்டு. அதற்காகவே 1954-இல் சாகித்திய அக்காதெமி தொடங்கப்பட்டது. நேரு தலைவர், துணைத்தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன். அவர் யார்? எங்கள் பக்கத்துத் திருத்தணியில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர்! மொழிகள் பலவானாலும் இந்திய இலக்கியம் ஒன்றே என்பது அவர் கொள்கை. இன்று 24 மொழிகளில் விருது வழங்குகிறார்கள். ஒரு மொழி நூலை மற்றொரு மொழியில் பெயர்த்தும் வெளியிடுகிறார்கள்.

இருந்தாலும் எங்களுக்கு ஒரு வருத்தம் உண்டு. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. இந்த நாட்டில் வாழ்பவர்களுக்குத் தமிழ் வேண்டியதுதான். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தெலுங்கைப் பேசத் தெரிந்த எங்களில் பலருக்கு அதை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. நகரிக்குப் போனால் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க யாரையாவது கேட்க வேண்டியிருக்கிறது. 1960-க்கு முன் பள்ளி சென்ற அவ்வாமார் சிலரின் நிலை நேர்மாறானது. அவர்கள் படித்தது தெலுங்கு. தமிழ் எழுத்து தெரியாது. ஒரே வீட்டில் ஒரே மொழியைப் பேசுகிறோம், ஆனால் ஒருவர் புத்தகத்தை மற்றவர் படிக்க இயலவில்லை.

ஆகையால் எங்களில் சிலர் இந்த விடுமுறையில் "கோபல்ல கிராம"த்தை அவ்வாமாருக்குப் படித்துக் காட்டினோம். தமிழில் ஒரு வரி படிப்பது, உடனே தெலுங்கில் சொல்வது. மெதுவாகத்தான் நகர்ந்தது; ஒரு மாலையில் நான்கு பக்கம். மங்கத்தாயாரு, அக்கையா என்ற பெயர்கள் வரும் இடங்களில் மட்டும் நாங்கள் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. "இவர்கள் நம்மவர்கள் அல்லவா!" என்று அவ்வாமார் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.